தடை செய்யப்பட்ட நூலும் தளராத பதிப்பாசிரியரும்



ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் சமயம், சட்டம், சமுதாயம் ஆகிய மூன்றும் பெண்ணைக் குறித்து மிகுதியாகப் பேசின. பெண் பேசியபோது அவை செவிமடுத்தனவா என்பதே ஆராய்தற்குரியது. சென்னை மாகாணத்தில் ஒரு நூலுக்கு நேர்ந்த கதி இதற்குத் தக்க சான்றாகும்.

நூலும் பதிப்பும்

தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாபசிம்மரின் (1739 - 1763) அவையில் விளங்கியவர் முத்துப்பழனி. கணிகையர் குலத்தில் தோன்றிய இவர் தெலுங்கில் இயற்றிய காவியம் 'இராதிகா சாந்த்வனம்'. இராதை, தான் வளர்த்த இளை என்னும் பெண்ணைக் கண்ணனுக்கு மணமுடித்து வைக்கிறாள். பின்னர்ப் பிரிவால் வாடிச் சினம் கொள்கிறாள். கண்ணன் அவளைத் தேற்றுகிறான். ஊடலும் ஊடல் தணித்தலும் அகப்பாடல்களைக் கற்ற இவ்வவைக்குப் புதியன அல்ல. ஆயின் இந்நூலில் காமத்தைத் தயங்காது உரைப்பவள் பெண். அதை எழுதியவரும் பெண்.

1887இல் வெளிவந்த பதிப்பில் சில பாடல்களும், கவிஞர் தம் குலமரபைக் கூறும் பகுதியும் விடுபட்டிருந்தன. நெய்வேலியில் மேல்மண்ணை அகற்றிய பின்னரே நிலக்கரி கிட்டும் என்பதை இங்குள்ளோர் நன்கறிவர். அப்பதிப்பிலோ மேல்மண் எனக் கருதி அகற்றப்பட்டது, பாட்டியின் பெயரையும் பெருமையோடு சொல்லித் தம்மை அறிமுகம் செய்துகொண்ட ஒரு பெண்ணின் தன்வரலாறு.

கைம்பெண் மறுமணத்திற்காகப் பாடுபட்ட கந்துகூரி வீரேசலிங்கம், முத்துப்பழனியின் ஒழுக்கத்தைச் சுட்டியே நூலையும் பழித்தார். பெண்ணின் துயர் துடைக்க முன்வந்த சீர்திருத்தம், அவள் இன்பத்தைப் பேசியபோது முகம் சுளித்தது.

இதற்கு மறுமொழி கூறியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878 - 1952). அவரும் தேவதாசி மரபினர்; இசையிலும் வடமொழியிலும் தேர்ந்தவர். விடுபட்ட பகுதிகளைச் சேர்த்து, 1910இல் வாவிள்ள இராமசுவாமி சாஸ்திருலு நிறுவனத்தின் வாயிலாக நூலை வெளியிட்டார். நாணம் பெண்ணுக்கு மட்டுமே உரியதா, ஆண்புலவருக்கு இல்லையா என முன்னுரையில் வினவினார். வினாவுக்கு விடை வரவில்லை, காவல்துறை வந்தது. 1911இல் நூல் ஆபாசமானது எனக் கூறிப் படிகள் கைப்பற்றப்பட்டன.

சட்டத்தின் இரு முகங்கள்

நீதிமன்றத்திலும் இம்மகளிரின் நிலை ஒரே சீராக இல்லை. நாயக்கின் எனப்பட்ட ஆடல்மகளிரின் தத்தெடுக்கும் வழக்கத்தைப் பம்பாய் உயர்நீதிமன்றம் 1880இல் ஏற்க மறுத்தது. சென்னை உயர்நீதிமன்றமோ 1888இல், விபசார நோக்கின்றித் தாசி ஒருவர் மகளைத் தத்தெடுப்பதை ஏற்றது. குடும்பப் பெண்ணுக்குக் கணவன் சொத்தில் வரையறைக்குட்பட்ட உரிமையே இருந்த நாளில், இம்மகளிரிடையே தாயின் உடைமை மகளைச் சென்றடைந்தது. அவ்வுரிமைக்கு அவர்கள் கொடுத்த விலை, இளமையிலேயே கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்படுவது.

அவ்விலையை இனி எந்தச் சிறுமியும் கொடுக்கலாகாது என எழுந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தாயாரும் அம்மரபினரே. அவர் முயற்சியால் 1929இல் நிறைவேறிய திருத்தச் சட்டம், கோயிற்பணியினின்று இம்மகளிரை விடுவித்ததோடு, மானிய நிலத்தை அவர்களே வைத்துக்கொள்ளவும் வழி செய்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் 'தாசிகள் மோசவலை' புதினத்தை வெளியிட்டு அம்முயற்சிக்கு வலுவூட்டினார்.

நாகரத்தினம்மாள் மறுபக்கம் நின்றார். கலை பயின்ற குலம் முழுவதையும் ஒரே இழிசொல்லால் அளப்பதை அவரும் அவரைச் சார்ந்தோரும் எதிர்த்தனர். சிறுமிக்குத் தன் வாழ்வைத் தேரும் வயதில்லை; ஆதலின் சட்டம் வேண்டியதே. ஆனால், வளர்ந்த பெண்டிர் எழுப்பிய மறுப்பும் கேட்கத்தக்கதே. அது பெரும்பாலும் செவியேறவில்லை.

திருவையாற்றில்

சமயத்தின் வாயிலிலும் அவர் இவ்வாறே நின்றார். சிதைந்து கிடந்த தியாகராசரின் சமாதியைத் தம் பொருள் செலவிட்டுக் கோயிலாக எழுப்பி, 1925இல் குடமுழுக்குக் கண்டார். அவர் கட்டிய கோயிலின் ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை. அவர் வாதாடி நில்லாது, பெண்களைத் திரட்டித் தனி வழிபாடு நடத்தினார். பின்னர் 1940களின் தொடக்கத்தில் பிரிவுகள் ஒன்றிணைந்தபோது பெண்குரலும் அங்கே இடம்பெற்றது. இன்று அவருடைய சமாதியும் தியாகராசர் சமாதிக்கு எதிரே அமைந்துள்ளது.

நிறைவாக

1947ஆம் ஆண்டு எண்ணத்தக்கது. அவ்வாண்டில்தான் பிரகாசம் தலைமையிலான சென்னை அரசு முத்துப்பழனியின் நூல்மீதிருந்த தடையை நீக்கியது. அவ்வாண்டில்தான் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டமும் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஒன்று பெண்ணின் உடலுக்கு விடுதலை. மற்றொன்று அவள் சொல்லுக்கு விடுதலை. முன்னதற்கு இயக்கங்களும் மேடைகளும் துணை நின்றன. பின்னதோ தனியொரு பெண்ணின் பதிப்புப் பணியில் தொடங்கி முப்பத்தாறு ஆண்டுகள் காத்திருந்தது.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தார், தம் மலர்களில் பெண்களின் ஆக்கங்களைத் தொகுக்கும்போது இவ்வரலாற்றை நினைவிற் கொள்வது நன்று. பாடலைத் திருத்தலாம், அச்சுப்பிழை களையலாம். தன் பெயரையும் தாய், பாட்டியர் பெயரையும் ஒரு பெண் எழுதித் தரும் முதற்பக்கத்தை மட்டும் நீக்குதல் கூடாது.