சின்ன விமானமும் சின்னச் சின்னப் பாடுகளும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பெரியவனானதும் என்ன வேலைக்குப் போவாய் என்று ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கேட்டால், இரண்டு மூன்று பேராவது 'விமானி' என்று கை தூக்குகிறார்கள். சுபாங் பக்கத்திலே இருக்கிறது. விமானம் தலைக்கு மேலேயே போகிறது. ஆசை வராமல் இருக்குமா? ஆனால் வீட்டிலே என்ன சொல்கிறோம்? "பஸ்ஸிலே ஏறினாலே வாந்தி எடுக்கிறான், இவனா விமானம் ஓட்டப் போறான்?" அதோடு பேச்சு முடிந்தது. அதனால்தான், விமானி ஆகிறவர்கள் முதலில் ஏறிப் பழகுகிற சின்ன விமானத்தையும், அதிலே உடம்பு படுகிற பாட்டையும் பற்றிப் படித்தும் கேட்டும் அறிந்ததை இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

1965-இல் சுபாங் திறக்கும் வரை கோலாலம்பூருக்குச் சுங்கை பீசிதான் விமான நிலையம். பெரிய விமானங்கள் சுபாங்குக்குப் போய்விட்ட பிறகும், பறக்கும் மன்றத்தின் சின்ன விமானங்கள் பல ஆண்டுகள் சுங்கை பீசியிலிருந்துதான் பறந்தன. செஸ்னா 172 என்று ஒரு வகை. நாலு பேர் உட்காரலாம். ஆள், பெட்டி, எண்ணெய் எல்லாம் ஏற்றினாலும் சுமார் 1,100 கிலோதான். ஏறத்தாழ ஒரு மைவி கார் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு மீட்டர் அகலம். பக்கத்து ஆளின் முழங்கை நம் விலாவிலே இடிக்கும்.

முதல் அடி தரையிலேயே விழுந்துவிடும்! இந்த விமானத்துக்கு இறக்கை மேலே இருக்கிறது. ஏறுமுன் விமானி சுற்றி வந்து ஒவ்வொன்றையும் பரிசோதிக்க வேண்டும். குனிந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், இறக்கையின் பின்பக்கத் தகடு நெற்றியிலே 'டங்' என்று இடிக்கும். இந்தத் தழும்பு இல்லாதவன் செஸ்னா ஓட்டினவனே இல்லை என்று விமானிகள் கேலி பேசுவதுண்டு. குளிர்சாதனம் பெரும்பாலும் கிடையாது. ஓடுபாதையில் வெயிலிலே நின்றால் உள்ளே அவித்த இட்லிதான்.

மேலே போனால் தூக்கிப் போடும். ஏன்? வெயில் ஏற ஏற நெடுஞ்சாலையும், தகரக் கூரைகளும், பழைய ஈயக்குட்டை மணலும் சீக்கிரம் சூடாகின்றன. அங்கே காற்று சூடாகி மேலே கிளம்புகிறது. பக்கத்திலே செம்பனைத் தோட்டமும் குளமும் அவ்வளவு சூடாவதில்லை. அங்கே காற்று கீழே இறங்குகிறது. கனமில்லாத விமானம் இரண்டையும் மாறி மாறிக் கடக்கும்போது, பள்ளமும் மேடுமான செம்மண் சாலையில் லாரி போவது போல ஆகிவிடும். தலை கூரையிலே இடிக்கும், வயிற்றைப் புரட்டும். பிற்பகலில் இடிமழை வேறு. அதனால் பழகுகிறவர்கள் காலையிலேயே பறக்க விரும்புவார்கள். பால் நன்றாக வடிய விடியுமுன்னே மரம் வெட்டப் போனவர்களுக்கு இதை நான் விளக்கவா வேண்டும்?

வாந்தி வருகிறதே, அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. கண் ஒன்று சொல்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்கிறது, மூளை குழம்புகிறது. தூரத்துத் தொடுவானத்தைப் பார்க்க வேண்டும், முகத்தில் காற்றுப் பட வேண்டும், வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. பழகுகிறவர்களில் பலருக்குச் சில தடவைகளில் தானே சரியாகிவிடும். ஆகவே பஸ்ஸில் வாந்தி எடுக்கிற பையனைத் தள்ளிவிடாதீர்கள்.

எடை பார்ப்பதும் சிலருக்குக் கூச்சம். சரவாக்கில் மீரியிலிருந்து பாரியோ போகும் 19 இருக்கை துவின் ஓட்டர் விமானத்தில் ஏறுமுன், பெட்டியோடு ஆளையும் நிறுப்பது வழக்கம். தோட்டத்தில் பால் நிறுத்த மாதிரிதான். அங்கே கிராணி கணக்குக்கு நிறுத்தார். இங்கே விமானம் கிளம்புமா என்று பார்க்க நிறுக்கிறார்கள்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக் கூடியவை. காதுவலி அப்படியல்ல. மேலே ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று சுலபமாக வெளியேறிவிடும். இறங்கும்போது மூக்கின் பின்புறத்திலிருந்து காதுக்குப் போகும் சிறு குழாய் திறந்து காற்றை உள்ளே விட வேண்டும். சளி பிடித்திருந்தால் குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளும். சில ஆயிரம் அடியிலிருந்து இறங்கினாலே உயிர் போகிற வலி வரலாம். செவிப்பறை கிழிவதும் உண்டு. சளிக்கு மாத்திரை போட்டால் சில மாத்திரைகள் தூக்கத்தைக் கொடுக்கும்; ஓட்டுகிறவன் தூங்கினால் என்ன ஆவது? "சார், எனக்குச் சளி, இன்றைக்குப் பறக்க மாட்டேன்" என்று சொல்லத் தெரிந்தவன்தான் விமானி. நம் பிள்ளைகளோ கால் வீங்கினாலும் திட்டு விழும் என்று மறைத்துக்கொண்டு நொண்டுகிறார்கள். நாமும் கத்தி வெட்டைத் துணியால் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனவர்கள்தானே!

1932 அக்டோபர் 15-ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா ஒற்றை எஞ்சின் விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் சென்னைக்குக் கொண்டுபோனார். சரியாக 50 ஆண்டு கழித்து, 1982-இல், அதே கராச்சி-பம்பாய் வழியில் டாட்டா மறுபடியும் சின்ன விமானத்தைத் தாமே ஓட்டினார். அப்போது அவருக்கு வயது 78!

கடைசியாகத் தாய்மார்களுக்கு ஒன்று. சுபாங்கிலிருந்து பினாங்கு போகும் விமானத்தில் காற்றழுத்தத்தைச் சீர்செய்யும் வசதி இருக்கிறது. இருந்தாலும் காது அடைக்கும். விமானம் இறங்க ஆரம்பித்ததும் கைக்குழந்தையை எழுப்பிப் பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது திறக்கும். பெரிய பிள்ளைகளுக்கு ஒரு மிட்டாய் போதும்.