கிணற்றின் அடியில் ஒரு கதவு

கொழும்பிலிருந்து சிலாபம் வழியாகப் புத்தளம் நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், புத்தளத்தை அடையுமுன் எதிர்ப்படும் ஊர்களுள் மதுரங்குளியும் ஒன்று. தென்னந்தோப்புகளும் மணல் நிலமும் சூழ்ந்த ஊர் அது. மேற்குப் பக்கம் சென்றால் களப்பும், களப்புக்கு அப்பால் கடலும். அவ்வூர் வீடுகளிலே சீமெந்து வளையங்கள் இறக்கிய கிணறும், கிணற்றடியிலே ஒரு சிறிய மின்மோட்டாரும், உயரத்திலே ஒரு தண்ணீர்த் தாங்கியும் இன்று சாதாரணக் காட்சியாகிவிட்டன.

அத்தகைய வீடொன்றிலே ஒருநாள் விடியற்காலையில் நிகழ்வதை எண்ணிப் பார்க்கலாம். சுபஹுத் தொழுகைக்கு வுழூச் செய்ய எழுந்த வீட்டுக்காரர் குழாயைத் திறக்கிறார், நீர் வரவில்லை. மோட்டாரை முடுக்குகிறார். மோட்டார் வழக்கம்போல் ஓடுகிறது. ஆனால் தாங்கியில் ஒரு சொட்டு நீரும் விழவில்லை. “கிணறு வற்றிப் போச்சுதோ வாப்பா?” என்று மகன் கேட்கிறான். எட்டிப் பார்த்தால் கிணற்றிலே நீர் இருக்கிறது. மோட்டாரும் பழுதில்லை, மின்சாரமும் உண்டு, தண்ணீரும் உண்டு. பின்னர் குறை எங்கே?

குறை பெரும்பாலும் கிணற்றினுள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்திலே இருக்கிறது. நீரை உறிஞ்சும் குழாயின் கீழ்நுனியில், கைப்பிடிக்குள் அடங்கத்தக்க ஒரு சிறு கருவி பொருத்தப்பட்டிருக்கும். கடைகளிலே அதனைப் ‘புட் வால்வு’ என்று கேட்டு வாங்குவர். பித்தளையாலோ பிளாஸ்டிக்காலோ ஆன அதன் வெளிப்புறத்தே குப்பையைத் தடுக்கும் வலையும், உள்ளே ஒரு சிறு மூடியும் உண்டு. மோட்டார் ஓடும்போது மூடி மேல்நோக்கித் திறந்து நீருக்கு வழிவிடும். மோட்டார் நின்றதும் தன் இருக்கையிலே படிந்து, ஏறிய நீர் கிணற்றுக்குத் திரும்பாதவாறு தடுத்துவிடும். ஒருபக்கமாக மட்டுமே திறக்கும் கதவு என்று அதனைச் சொல்லலாம்.

இக்கதவு ஏன் வேண்டும்? இயந்திரம் நீரைக் கயிறு கட்டி இழுப்பதில்லை. குழாயின் மேற்பகுதியில் அமுக்கத்தைக் குறைப்பதே அதன் வேலை. கிணற்று நீரின்மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலமே நீரைக் குழாயினுள் ஏற்றுகிறது. உறிஞ்சும் குழாய்களிலே நீர் ஓர் எல்லைக்குமேல் ஏறுவதில்லை என்ற செய்தியைக் கலிலியோ 1638ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலிலே குறித்திருந்தார். அதன் காரணத்தை அவரையடுத்து வந்த தொரிசெல்லி, பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைக் கொண்டு விளக்கினார். எவ்வளவு வலிய இயந்திரமாயினும் ஏறத்தாழ 34 அடிக்குமேல் நீரை உறிஞ்ச இயலாது. நடைமுறையில் 25 அடியளவே அதன் எல்லையாகும். வீட்டு இயந்திரத்தின் சக்கரம் நீரினுள்ளே சுழன்றால்தான் இந்த அமுக்கக் குறைவு உண்டாகும். வெறுங்காற்றிலே சுழன்றால் உண்டாகாது. ஆகவே, குழாயும் இயந்திரத்தின் வயிறும் எந்நேரமும் நீரால் நிறைந்திருத்தல் அவசியம். அந்த நீரைக் காத்து நிற்பதுதான் அடியிலுள்ள வால்வு. அது கசிந்தால் இரவோடிரவாகக் குழாய் வெறுமையாகும். காலையிலே வெறுமையாக ஓடும் இயந்திரம் சூடேறி, நீர்க்கசிவைத் தடுக்கும் அதன் ‘சீல்’ கருகும். சிறிய வால்வின் குறை பெரிய செலவில் முடிவது இவ்வாறுதான்.

வால்வுதான் பழுது என்று துணியுமுன் ஒரு சோதனை செய்தல் நலம். முதலில் மின்சாரத்தை முற்றாகத் துண்டிக்க வேண்டும். பொத்தானை அணைத்தால் மட்டும் போதாது. செருகியையும் கழற்றிவிட வேண்டும். பின்னர் இயந்திரத்தின் மேலுள்ள நீர் வார்க்கும் மூடியைத் திறந்து விளிம்புவரை நீர் நிரப்பி, சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். நீர்மட்டம் இறங்காவிடின் வால்வு நன்றாகவே இருக்கிறது. இறங்கினால், கிணற்று நீருக்கு மேலேயுள்ள குழாய்ப் பொருத்துகளையும் இயந்திரத்தின் அச்சடியையும் உற்றுநோக்க வேண்டும். அவற்றில் எங்கேனும் ஈரம் சொட்டினால் குற்றம் அங்கேயே. மேலே எங்கும் ஈரமின்றி நீர் மாத்திரம் இறங்குமாயின், வால்வே குற்றவாளி என்று பெரும்பாலும் தீர்ப்புக் கூறிவிடலாம்.

குழாயைக் கிணற்றிலிருந்து எடுக்கும் வேலைக்கு இருவர் வேண்டும். மக்கள் ‘எஸ்லோன்’ என்று வழங்கும் பி.வி.சி. குழாய் இலேசானதாயினும், உள்ளே நீர் நிற்குமானால் கனக்கும். வளைத்து இழுத்தால் வெடிக்கும். ஒருவர் கயிறு கட்டித் தூக்க, மற்றவர் நேராகப் பிடித்து வாங்குதல் வேண்டும். இதற்காக எவரும் கிணற்றுக்குள் இறங்கலாகாது. எண்ணெயில் ஓடும் இறைப்பு இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி இயக்குவது அதனினும் கொடிய செயல். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மயங்கி வீழ்ந்தவரைக் காப்பாற்ற இறங்கியவரும் அங்கேயே மாண்டுபோகும் துயரம் பல நாடுகளில் நேர்ந்திருக்கிறது.

வெளியே எடுத்த வால்வை உடனே எறிந்துவிடவும் வேண்டியதில்லை. ஒரு மணற்பரலோ தென்னை வேரின் நாரோ மூடிக்கும் இருக்கைக்கும் இடையே சிக்கியிருந்தாலும் நீர் கசியும். மணற்பாங்கான கிணறுகளில் இது பெருவழக்கு. சுத்த நீரில் கழுவி, நிமிர்த்திப் பிடித்து, மேல்வாயிலே நீர் வார்த்துப் பார்த்தால் உண்மை விளங்கும். நீர் தங்கினால் பழைய வால்வே இன்னும் சில காலம் உழைக்கும். ரப்பர் இறுகி வெடித்திருந்தாலோ, இருக்கை தேய்ந்திருந்தாலோ புதியது வாங்குவதே முறை. குழாயின் அளவுக்கு ஒத்த வால்வையே வாங்க வேண்டும். சிறியதைப் பொருத்தினால் இயந்திரம் மூச்சுத் திணறும். புதியதையும் அதே நீர்ச்சோதனைக்கு உட்படுத்திய பின்னரே பொருத்துதல் வேண்டும். கடையிலிருந்து வந்தது என்பதனாலே அது குற்றமற்றது ஆகிவிடாது.

மரையைத் துடைத்து, வெள்ளை நாடாவை மரை முறுகும் திசையிலேயே சில சுற்றுச் சுற்றி, முதலிற் கையாலும் பின்னர் சாவியாற் சிறிதளவும் முறுக்கினாற் போதும். மிகையாக முறுக்கினால் பிளாஸ்டிக் மரை பிளந்துவிடும். இது குடிநீர்க் கிணறு என்பதை மறந்து கிரீசோ எண்ணெயோ பூசுதல் தகாது. குழாயைத் திரும்ப இறக்கும்போது அதன் பாரம் இயந்திரத்தின் கழுத்திலே தொங்காதவாறு, கிணற்றின் குறுக்கே இட்ட மரத்தில் கயிற்றாற் கட்டிவிட வேண்டும். இயந்திரத்தை நோக்கி வரும் குழாய் சற்றே ஏற்றமாக வருதல் நன்று. இடையிலே மேடு இருந்தால் அங்கே காற்றுத் தங்கிவிடும்.

வால்வு மாற்றும் வேலை இவ்வளவே. ஆயினும் மதுரங்குளி போன்ற கரையோர ஊரிலே, இதனினும் பெரிய கேள்வி ஒன்று எழுகிறது. வால்வை எவ்வளவு ஆழத்தில் தொங்கவிடுவது?

குழாய் வெளியே கிடக்கும் அந்த நேரத்திலே, “இன்னும் ஐந்தாறு அடி குழாய் சேர்த்துக் கிணற்றையும் சற்றே ஆழப்படுத்தினால் கோடையிலும் குறையாமல் இறைக்கலாமே” என்னும் எண்ணம் எவருக்கும் தோன்றுவது இயல்பு. மேட்டு நிலத்திலே இது நல்ல எண்ணமாக இருக்கலாம். கடலோர மணலிலே ஆபத்தான எண்ணமாகும். ஏனெனில், அங்கே கிணற்று நீரானது நிலத்தடியிலே உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது.

மழைநீர் மணலிலே ஊறி இறங்கும்போது, அடியிலுள்ள கடல்நீரிலும் அது இலேசானதாகையால், மேலே ஒரு படலமாகத் தங்குகிறது. ஒல்லாந்தப் பொறியியலாளர் கைபன் என்பவரும், ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ஸ்பேர்க் என்பவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே இதனைக் கணக்கிட்டனர். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது அவர்கள் கண்ட விதி. இது மகிழ்ச்சியூட்டும் கணக்கு. ஆனால் அதனையே திருப்பிப் பார்த்தால் அச்சமூட்டும். இறைப்பினால் மேல்மட்டம் அரையடி தாழ்ந்து அவ்வாறே நிலைத்துவிடின், கீழிருந்து உவர்நீர் ஏறத்தாழ 20 அடி மேலெழ இடமுண்டு. களிமண் படையும் பாறைப் படையும் இக்கணக்கை இடத்துக்கிடம் மாற்றும். எனினும் அதன் போக்கு மாறாது. இயந்திரம் வேகமாக இறைக்கும்போது, அதற்கு நேர்கீழே உவர்நீர் ஒரு கூம்பைப்போல் உயர்ந்து வருகிறது. வால்வு எவ்வளவு ஆழத்திலே தொங்குகிறதோ, அவ்வளவுக்கு அந்தக் கூம்பின் நுனி அதனை எளிதில் எட்டிவிடும்.

முன்னாளில் துலாவும் வாளியும் கொண்டு நீர் அள்ளியவர் இந்த விதியைப் படித்தவரல்லர். ஆனால் வாளி நீரின் மேற்பரப்பிலிருந்தே அள்ளியது. இறைத்தவரின் தோள் களைத்ததும் இறைப்பு நின்றது. கிணறு மீண்டும் ஊறுவதற்கு அந்தக் களைப்பே அவகாசம் அளித்தது. மோட்டாருக்குத் தோளுமில்லை, களைப்புமில்லை. ஆகவே, எங்கே நிறுத்துவது என்பதை மனிதனே அறிந்து நிறுத்த வேண்டியிருக்கிறது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இலங்கையின் கரைகளைத் தாக்கியபோது, கிழக்குக் கரையோரக் கிணறுகளிலே கடல்நீர் புகுந்தது. கிணறுகளைத் துப்புரவாக்கும் பொருட்டு மீண்டும் மீண்டும் இறைத்தனர். மிகையாக இறைத்தால் அடியிலுள்ள உவர்நீரே மேலெழும் என நீரியல் அறிஞர்கள் எச்சரிக்க நேர்ந்தது. கிணறுகளை மீட்பதிலே இயந்திரத்தைவிடப் பெருந்துணை புரிந்தது பின்னர் பெய்த பருவமழையேயாகும். புத்தளக் கரைக்கும் இது நல்ல பாடம். 1990ஆம் ஆண்டின் இறுதியில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் இம்மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். வீடுகள் பெருகின, கிணறுகளும் பெருகின. கிணறுகள் பலவாயினும், அவை அடுத்தடுத்து நிற்குமிடத்தில் அவற்றுக்கு அடியிலுள்ள நீர் ஒன்றே.

எனவே, புதிய வால்வை இறக்குவோர் கைக்கொள்ளத்தக்க வழி இதுவாகும். கோடையிலே நீர் தாழும் மட்டத்தை அறிந்து, அதற்கு ஓர் அடி அல்லது ஒன்றரை அடி கீழே வால்வு நிற்குமாறு தொங்கவிட வேண்டும். கிணற்றின் அடிமணலிலிருந்தும் அதே அளவு விலகி நிற்க வேண்டும். ஒரே மூச்சில் தாங்கியை நிரப்புவதைவிட, காலையிற் சிறிது, மாலையிற் சிறிது என இறைத்தல் நன்று. கோடையின் உச்சத்திலே நீர்மட்டம் வால்வுக்குக் கீழே இறங்கி, குழாய் காற்றை உறிஞ்சத் தொடங்குமானால், அதனைப் பழுது என்று எண்ணிக் குழாயை நீட்டுதல் கூடாது. மோட்டாரை உடனே நிறுத்திவிட்டுக் கிணறு ஊறும்வரை காத்திருத்தல் வேண்டும்.

அந்த விடியற்காலை வீட்டிலே வாப்பாவும் மகனும் சேர்ந்து வால்வை மாற்றி முடிக்கும்போது பொழுது ஏறியிருக்கும். குழாயிலே நீர் நிரப்பி, மூடியை இறுக்கி, மோட்டாரை முடுக்கியதும் தாங்கியிலே நீர் விழும் ஓசை கேட்கும். மறுநாட் காலையிலும் கை வார்க்காமலே நீர் ஏறுமானால் வேலை செம்மையாக முடிந்தது என்று கொள்ளலாம். அன்று மகன் ஒரு குவளை நீரை அருந்தி, அதன் சுவையையும் நினைவில் இருத்திக்கொள்வானாக. ஏறிய நீர் கீழே திரும்பாதபடி தடுக்கக் கடையிலே வால்வு கிடைக்கிறது. கீழிருந்து ஏறிவரும் உவரைத் தடுக்க எந்தக் கடையிலும் வால்வு கிடையாது. மோட்டாரை நேரத்தோடு நிறுத்தும் வீட்டாரின் கையே அதனைத் தடுக்க வல்லது.