குளத்தில் இறக்கிவிட ஆள் வேண்டும்

(மருத்துவமனை ஞாயிறு ஆராதனையில் எங்கள் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் வியாதியாய்க் கிடந்த மனிதனை நீங்கள் அறிவீர்கள். குளம் அவன் கண்முன்னே இருந்தது. ஆனால் தண்ணீர் கலங்கும்போது அவனை இறக்கிவிட ஒருவருமில்லை. இன்று நாம் பேசப்போவதும் அப்படிப்பட்டவர்களைப் பற்றியே.

ஹெராயின், அபின் எல்லாம் எங்கோ வடக்கே உள்ள காரியம் என்று நினைத்திருந்தோம். இப்போது தமிழ்நாட்டு வாலிபர்கள் சிலர் டேபென்டடால் என்னும் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். அதுவும் அபினைப் போலவே உடலைப் பிடித்துக்கொள்ளும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை மத்திய அரசுக்காக நடத்திய ஆய்வு 2019-ல் வெளியானது. நாட்டில் சுமார் 2.26 கோடிப் பேர் இந்த இனப் போதையைப் பயன்படுத்துகிறார்கள் என்றும், அவர்களில் சுமார் 77 லட்சம் பேருக்கு உதவி தேவை என்றும் அது கூறுகிறது.

இதற்கு மருந்து உண்டு. பியூப்ரிநார்ஃபின் என்று பெயர். மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக் கரைய விடவேண்டும். சரியான அளவில் கொடுத்தால் நடுக்கமும் ஏக்கமும் அடங்கும். மனுஷன் வேலைக்குப் போகலாம். உலக சுகாதார நிறுவனம் 2005-ல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மையங்களில் இது இலவசம். மணிப்பூரிலும் நாகாலாந்திலும் இம்மானுவேல் மருத்துவமனைச் சங்கம் இந்தச் சிகிச்சையைத் தன் ஊழியமாகவே செய்திருக்கிறது.

அப்படியானால் ஏன் வருவதில்லை? வந்தவர்கள் ஏன் நிற்பதில்லை?

ஒரு வாலிபனின் கதையைச் சொல்லுகிறோம். தரையில் டைல்ஸ் பதிக்கும் வேலை. வெளியூர் மையத்தில் மருந்து ஆரம்பித்தான். தினமும் நர்ஸ் முன்னிலையில் உட்கொள்ள வேண்டும் என்பது விதி. காலைப் பேருந்தில் போய்த் திரும்புவதற்குள் பாதி நாள் கூலி போய்விடும். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தால் பேருந்துகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு மருந்து தவறும். போலீஸ் பிடிக்குமோ என்ற பயம் வேறு. தானாகச் சிகிச்சைக்கு வருகிறவனை வழக்கிலிருந்து காக்க 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு இடமளிக்கிறது. அதை அவனுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை.

இத்தனையையும் தாண்டி இரண்டு மாதம் தொடர்ந்து போனான். அப்போதுதான் அவன் தாயார் அவனை ஜெபத்துக்காக நம்மிடம் அழைத்துவந்தார்கள். நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "தம்பி, ஒரு போதையை விட்டு இன்னொரு போதையைப் பிடிப்பதா? கர்த்தரை நம்பு, மாத்திரையை விட்டுவிடு" என்றோம். அவன் கீழ்ப்படிந்தான். மூன்று வாரத்தில் மறுபடியும் ஊசி. மருந்தை நிறுத்தியவனின் உடல் பழைய அளவைத் தாங்காது. அதனால்தான் இப்படி விழுகிறவர்களுக்கு மரண அபாயம் அதிகம். அன்றிரவு மூச்சு தேய்ந்து, உதடு நீலம் பாரித்துக் கொண்டுவரப்பட்டான். மருத்துவர் போட்ட நலோக்சோன் ஊசியால் கர்த்தர் அவனைத் திரும்பத் தந்தார்.

வார்டு வாசலில் அந்தத் தாய் நம்மைத் திட்டவில்லை. "ஐயா, உங்க பேச்சைக் கேட்டுத்தானே விட்டான்" என்று மட்டும் சொன்னார்கள். பிரசங்கபீடத்தில் பல வருஷம் நின்ற நமக்கு அந்த வார்த்தைக்குப் பதிலில்லை.

சர்க்கரை வியாதிக்காரரை இன்சுலினை நிறுத்திவிட்டு ஜெபியுங்கள் என்று நாம் சொல்லுவதில்லை. இவனிடம் மட்டும் ஏன் சொன்னோம்? அவன் வியாதியைப் பாவம் என்று மட்டுமே பார்த்தோம். பேருந்தும் கூலியும் பயமும் அவனைத் தடுத்தது உண்மை. கடைசித் தடையாக நின்றவர்கள் நாமே. ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டோம், அவனிடமும் கேட்டோம்.

இப்போது அவன் மறுபடியும் மருந்தில் இருக்கிறான். எத்தனை காலம் எடுக்க வேண்டும் என்பதை மருத்துவரே தீர்மானிக்கட்டும், சிலருக்கு வருஷக்கணக்காகலாம். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது சில நாட்களுக்கான மருந்தை வீட்டுக்கே கொடுத்தனுப்ப அரசு அனுமதித்தது. ஆகவே வழி திறக்க முடியாததல்ல.

அன்பானவர்களே, உங்கள் காணிக்கையால் எத்தனையோ கட்டில்கள் வந்தன. இம்முறை நாங்கள் கேட்பது சிறிய காரியங்கள்: பேருந்துக் கட்டணம், காலை டிபன், முதல் மாதம் கூடவே போய்வர ஒரு சபையார். உங்கள் சபையில் இப்படிப்பட்ட பிள்ளையையுடைய தாய் இருந்தால் அவர்களை ஒதுக்காதிருங்கள். 14446 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணைச் சொல்லிக்கொடுங்கள். ஜெபியுங்கள், ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதிருங்கள்.

குளத்தண்டையில் கிடந்தவனைப் பார்த்து இயேசு கடந்துபோகவில்லை. நாமும் கடந்துபோகாதிருக்க அவர் கிருபை தருவாராக. ஆமென்.