ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்

(வெள்ளானூர் தம்பதிகள் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)



இன்று உப்பும் சர்க்கரையும் தண்ணீரில் கரைவதைப் பற்றிப் பேசப் போகிறேன். "இது எங்களுக்குத் தெரியாதா?" என்று பின்வரிசையில் யாரோ சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். சில வருடங்களுக்கு முன் நான் போன ஒரு வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இரண்டு நாளாக வயிற்றால் போய்க்கொண்டிருந்தது. ஓ.ஆர்.எஸ். பவுடர் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். "ரெண்டு பாக்கெட் குடுத்தாச்சுங்க, இன்னும் அதிகமாத்தான் போவுது" என்றார் பாட்டி. எதில் கரைத்தீர்கள் அம்மா என்றேன். ஒரு டம்ளரைக் காட்டினார். கெட்டியாக இருந்தால் சீக்கிரம் கேட்கும் என்று நினைத்திருக்கிறார். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், குழந்தை பிழைத்தது. மருந்தில் குற்றமில்லை, பாட்டியின் அன்பிலும் குறைவில்லை. தண்ணீர்தான் போதவில்லை.

ஒரு பிடி உப்பைத் தண்ணீரில் போட்டால் அது மறைந்து போகிறது. ஆனால் அழிவதில்லை, நாக்கில் வைத்தால் கரிக்கிறது. தண்ணீரின் நுண்ணிய துகள்கள் உப்புக் கல்லைச் சூழ்ந்துகொண்டு ஓரத்திலிருந்து பிய்த்து எடுத்துப் போகின்றன. நன்றாகக் கலக்கிவிட்டால் பாத்திரத்தின் மேலும் அடியும் ஒரே கரிப்பு. அரிசி மாவு அப்படி இல்லை. வைத்த கொஞ்ச நேரத்தில் அடியில் தங்கிவிடும். உப்பு போலக் கரைந்து நிற்பதைத்தான் பள்ளிப் புத்தகத்தில் கரைசல் என்று எழுதியிருக்கிறார்கள்.

கரைசல் கெட்டியாக இருந்தால் என்ன? மாங்காய்த் துண்டில் உப்பைப் பிசறி வையுங்கள். மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கும். அது மாங்காய்க்குள் இருந்த தண்ணீர். வெளியே இருக்கும் உப்பு அதை இழுத்துவிட்டது. உலர்ந்த திராட்சையை வெறும் தண்ணீரில் போட்டாலோ உப்பிக்கொள்கிறது. நம் குடலும் அப்படித்தான். கெட்டியான கரைசல் உள்ளே போனால், உடம்பில் மிச்சமிருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துப் பேதியை அதிகமாக்கும். அந்தக் குழந்தைக்கு நடந்தது இதுதான்.

அளவாகக் கரைத்தால், சர்க்கரைச் சத்தும் உப்பும் குடல் சுவரின் வழியே ஜோடியாக உள்ளே நுழைகின்றன. பின்னாலேயே தண்ணீரும் போகிறது. தனி உப்புத் தண்ணீருக்கு அந்த வலு இல்லை. 1971-ல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகள் மேற்கு வங்காளத்தின் பங்கான் முகாமில் காலராவால் மடிந்துகொண்டிருந்தார்கள். ஊசி வழியே ஏற்றும் சலைன் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு மூன்றையும் அளந்து கலந்து, தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் சாகும் நிலை மாறி, நான்கு பேருக்கும் குறைவானது. புகட்டியவர்கள் படித்த நர்ஸ்கள் அல்ல, உங்களைப் போன்ற தாயும் தகப்பனும்தான்.

இப்போதைய பெரிய பாக்கெட்டில் 20.5 கிராம் பவுடர் இருக்கும். குளுக்கோஸ் 13.5, சோடியம் சிட்ரேட் 2.9, உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம். பழைய அளவு சற்றுக் கெட்டி என்று 2002-ல் உலக சுகாதார நிறுவனமே குறைத்தது. பெரியவர்களே குறைத்ததை நாம் ஏன் கூட்ட வேண்டும்?

முழு பாக்கெட்டையும் ஒரே தடவையில் கொட்டுங்கள். பாதி இன்று, பாதி நாளை என்பது வேண்டாம். உலர்ந்த பவுடரில் எந்தப் பாதியில் உப்பு அதிகம் என்று யாருக்கும் தெரியாது, கரைந்த பிறகுதான் அது சமமாகும். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கலக்குங்கள். கலந்த பின் கொதிக்க வைத்தால் தண்ணீர் சுண்டிக் கரைசல் கெட்டியாகிவிடும். 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பாக்கெட் இல்லாத இரவில் ஒரு லிட்டருக்குத் தலை தட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

ஒவ்வொரு முறை போன பிறகும், இரண்டு வயதுக்குள் என்றால் கால் முதல் அரை டம்ளர், அதற்கு மேல் அரை முதல் ஒரு டம்ளர். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து ஸ்பூனால் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். இது பேதியை நிறுத்தும் மருந்தல்ல, போன தண்ணீரைத் திருப்பித் தருவது. அதனால் "இன்னும் நிக்கலையே" என்று கைவிடக் கூடாது. நர்ஸம்மா தரும் துத்தநாக மாத்திரையை 14 நாளும் கொடுங்கள். கண் குழி விழுந்தாலோ, குழந்தை துவண்டாலோ, குடிக்க முடியாவிட்டாலோ, ரத்தம் போனாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

கடையில் வண்ண டப்பாவில் விற்கும் இனிப்புப் பானம் இதற்கு ஈடாகாது. அவற்றின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாதென 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவே போட்டது.

ஆண்களுக்கும் சொல்கிறேன். மனைவி அம்பத்தூர் கம்பெனிக்கு ஷிப்டு போயிருக்கும்போது பேதி காத்திருக்காது. இரண்டு குழந்தை போதும் என்று நாங்கள் சொல்கிறோம். இருக்கும் குழந்தை நிலைக்கும் என்ற தைரியம் இருந்தால்தானே அதைக் கேட்பீர்கள்?

லிட்டர் அளவை கொண்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் அவரவர் வீட்டுச் சொம்பை எடுத்து வாருங்கள். அளந்து பார்த்து, ஒரு லிட்டர் எதுவரை வருகிறதென்று உள்பக்கம் கோடு போட்டுத் தருகிறோம்.