சக்கர நாற்காலியும் வீரர் மேடையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



உடலோம்பல் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். தேகப்பயிற்சியால் வரும் நன்மைகளை நீங்கள் நன்கு அறிவீர்கள். அவற்றை மீண்டும் அடுக்கிச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்க நான் விரும்பவில்லை. ஆதலால், பயிற்சிக்கூடத்தின் வாசற்படியைத் தாண்டவே இயலாதவர்களைப் பற்றி இன்று பேசலாமென எண்ணினேன். கால்கள் செயலற்றுச் சக்கர நாற்காலியில் வாழ்வோர், தோளையும் மார்பையும் உருக்குப்போல் ஆக்கிக்கொண்டு, உடற்கட்டழகுப் போட்டியில் தொழில்முறை வீரர் என்னும் தகுதியைக் கேட்டுப் பெற்ற வரலாறே என் பேச்சின் பொருளாகும்.

முதலில் ஒரு பழைய செய்தியைச் சொல்கிறேன். முள்ளந்தண்டினுள் ஓடும் நரம்பு சிதைந்தால், அந்த இடத்துக்குக் கீழேயுள்ள தசைகளுக்கு மூளையின் கட்டளை போய்ச் சேராது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் இவ்வாறு அடிபட்டோரிற் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சில காலத்திலேயே மடிந்தனர். 1944 இல் இங்கிலாந்தின் ஸ்ரோக் மன்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர் இந்நிலையை மாற்ற முனைந்தார். நோயாளரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் செய்தார். விளையாட்டையும் மருந்தாகவே கொடுத்தார். 1948 யூலை 29 ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே தினத்தில், அவருடைய ஏற்பாட்டில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறு வில்லெய்தனர். பதினாறு பேர்தாம்! அச்சிறு விதையே 1960 இல் உரோமாபுரியில் பராலிம்பிக் போட்டியாக முளைத்தது. 1964 இல் தோக்கியோவில் நடந்தபோது பாரந்தூக்கலும் அதிற் சேர்ந்தது.

நிற்க. பாரந்தூக்கல் வேறு, உடற்கட்டழகு வேறு. எவ்வளவு தூக்கினான் என்பதை இரும்பே சொல்லிவிடும். உடற்கட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்கோ நடுவர் வேண்டும், விதி வேண்டும், மேடை வேண்டும். உடற்கட்டழகு பராலிம்பிக்கில் இடம்பெறாத ஒரு துறை. ஆகவே நாற்காலி வீரர்கள் உடற்கட்டழகுச் சங்கங்களின் கதவையே தட்ட வேண்டியவராயினர். அமெரிக்காவில் அவர்களுக்கெனத் தொழில்முறை சாராத போட்டிகள் நடந்தன. ஆயினும் அதற்கு மேலே படி இல்லை. நடக்கக்கூடியவன் வென்றால் தொழில்முறை வீரனாகிப் பரிசுப் பணத்துக்குப் போட்டியிடலாம். நாற்காலியில் இருப்பவன் வென்றால் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

இந்த நிலையை மாற்ற உழைத்தவர்களுள் ஒருவர் கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த நிக் ஸ்கொட். 1998 இல், 16 ஆம் வயதில், கார் விபத்தொன்றிற் கால்களின் இயக்கத்தை இழந்தவர். இரும்பைத் தூக்கிப் பழகி மீண்டெழுந்த அவர், தாம் மேடையேறியதோடு அமையாமல், ஏனைய நாற்காலி வீரர்களையும் ஒன்றுதிரட்டித் தொழில்முறைப் பிரிவு வேண்டுமென வாதாடி வந்தார். 2011 இல் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்ரன் நகரில், சர்வதேச உடற்கட்டழகுச் சம்மேளனத்தின் தொழில்முறைப் போட்டியொன்றில், சக்கர நாற்காலிப் பிரிவு முதன்முதலாக இடம்பெற்றது. இத்துறையின் உச்சமான மிஸ்டர் ஒலிம்பியா 1965 இல் தொடங்கியது. அந்த விழாவில் நாற்காலி வீரருக்கு இடம் கிடைத்தது 2018 இல். இடைப்பட்ட காலம் 53 ஆண்டுகள்! முதற் பட்டத்தை வென்ற ஹரல்ட் கெலியும் கார் விபத்தில் முள்ளந்தண்டு முறிந்தவரே.

நமது அயல்நாட்டிலும் ஒருவர் இருக்கிறார். பஞ்சாப்பின் லூதியானா நகரத்து ஆனந்த் ஆர்னல்ட் இளமையிலேயே உடற்பயிற்சியில் ஈடுபட்டவர். 15 ஆம் வயதில் முள்ளந்தண்டிற் புற்றுநோய் கண்டு, சத்திர சிகிச்சைக்குப் பின் கால்கள் செயலிழந்தன. மீண்டும் அதே இரும்பைத் தூக்கி, இந்தியாவின் முதற் சக்கர நாற்காலி உடற்கட்டழகு வீரரெனப் பெயர்பெற்றுத் தொழில்முறை மேடையிலும் ஏறினார்.

இவர்கள் கேட்டதுதான் என்ன? கைதட்டல் அவர்களுக்கு முன்னரும் கிடைத்தது. நாற்காலியொன்று மேடைக்கு வந்தாலே சபை எழுந்து நின்று கைதட்டும். அந்தக் கைதட்டல் நன்றாகப் பயின்றவனுக்கும் அரைகுறையாகப் பயின்றவனுக்கும் ஒரே அளவில்தான் கிடைக்கும். அதில் அன்பு உண்டு, மதிப்பீடு இல்லை. நடுவர்கள் தம் தோளையும் முதுகையும் வயிற்றுத் தசையையும் உற்றுப் பார்த்து, இவன் முதல்வன், இவன் நான்காமவன் என்று கூறவேண்டுமென்பதே அவர்கள் விருப்பம். நான்காம் இடம் என்று சொல்லப்படுவதும் ஒரு கௌரவமே. ஏனெனில் தோற்கக் கூடியவனுக்குத்தான் வெற்றியும் உண்டு.

இந்தத் தேகக்கட்டு எளிதில் வருவதன்று. இடுப்பில் நிலைப்பு இல்லாதவர் வார்ப்பட்டியால் தம்மைப் பலகையோடு பிணைத்துக்கொண்டே பாரந்தூக்க வேண்டும். நாற்காலியை உருட்டுவதும் தோள், இரும்பைத் தூக்குவதும் தோள். ஆகையால் தோள்மூட்டு தேயாமற் காத்து, முதுகுத் தசைகளையும் ஈடாக வளர்க்க வேண்டும். படுக்கைப் புண் வராதிருக்க அடிக்கடி உடலை இருக்கையிலிருந்து உயர்த்த வேண்டும். மேலிடத்தில் முள்ளந்தண்டு பழுதுற்றோருக்கு வியர்வை சரிவர வராது. நம் சித்திரை வெயில் அவர்களுக்கு ஆபத்தாகும். மருத்துவரின் ஆலோசனையின்றி எவரும் இதில் இறங்கலாகாது. கடையில் விற்கும் மாவையும் ஊசியையும் நம்பலாகாது என்பது நாற்காலியில் இல்லாத இளைஞருக்கும் பொருந்தும் புத்திமதி.

பெரியோர் சிலர் ஓர் ஐயம் எழுப்பக்கூடும்: "ஊனமுற்ற பிள்ளையை மேடையேற்றிக் காட்சிப்பொருளாக்கலாமா?" நியாயமான கேள்விதான். பிறர் அழைத்து வந்து நிறுத்தினால் அது காட்சி. அவனே விரும்பிப் பெயர் கொடுத்து, பயின்று, விதிக்குக் கட்டுப்பட்டு வந்தால் அது போட்டி. வேறு சிலர், "ஒருவர் இருவருக்காக ஒரு பிரிவா?" என்பர். போட்டி இல்லாததால் எவரும் பயில்வதில்லை. எவரும் பயிலாததால் போட்டி வைப்பதில்லை. இந்த வட்டத்தை யாராவது ஓரிடத்தில் அறுக்கத்தானே வேண்டும்? குட்மன் பதினாறு பேரைக் கொண்டு அறுத்தார்.

இனி நம்மூருக்கு வருவோம். தென்னையிலிருந்து வீழ்ந்தவர், மோட்டார் சைக்கிள் விபத்திற் சிக்கியவர், போர்க்காலத்திற் காயமுற்றவர் என, எழுந்து நடக்க இயலாத இளைஞர் கோறளைப்பற்றிலும் இருக்கின்றனர். அவர்களிற் சிலரை நாம் கோயில் திருவிழாவிலும் காண்பதில்லை, வாசிகசாலையிலும் காண்பதில்லை. வீட்டுத் திண்ணையே அவர்களுடைய உலகம். தாயாருக்கு வயது ஏறுகிறது, பிள்ளைக்கும் ஏறுகிறது. அவர்களுக்குச் சோறு கொடுக்க வீட்டார் உளர். "நாளைக்குப் பயிற்சிக்கு வா, தம்பி" என்று சொல்லத்தான் ஆளில்லை.

சட்டம் அவர்கள் பக்கமே இருக்கிறது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோரின் உரிமையைக் கூறுகிறது. 2006 இல் வெளியான ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களில் அவர்கள் செல்லும் வழி அமையவேண்டுமென்கின்றன. விளையாட்டிற் பங்குபெறும் உரிமையைக் கூறும் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 2016 இல் இலங்கை ஏற்றுக்கொண்டது. வழி திறந்தால் என்ன விளையும் என்பதற்கும் சான்றுண்டு. கையிற் குறைபாடுடைய தினேஷ் பிரியந்த ஹேரத், 2021 இல் தோக்கியோவில் ஈட்டியெறிந்து, பராலிம்பிக்கில் இலங்கையின் முதலாவது தங்கப் பதக்கத்தை வென்றார். அவருடைய கைக்கேற்ற பிரிவு அங்கே இருந்தது. ஆகவே அவருடைய திறமை உலகுக்குத் தெரிந்தது.

இளைஞர்களே, மூன்று காரியங்களை உங்களிடம் ஒப்படைக்கிறேன். முதலாவது, சாய்வுப்பாதை. ஓர் அடி உயரமான படிக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்வு வேண்டும். சில மூடை சீமெந்தும் ஒருநாட் சிரமதானமும் போதும். இரண்டாவது, வீடு வீடாகச் சென்று அவ்விளைஞரைச் சந்தியுங்கள். அவர்கள் எதை விரும்புகிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். மூன்றாவது, அடுத்த சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில், கயிறிழுத்தலுக்கும் வழுக்குமரத்துக்கும் இடையே, சக்கர நாற்காலி வீரருக்கென ஒரு போட்டியை நிகழ்ச்சி நிரலிற் சேருங்கள். ஆறுதற் பரிசு வேண்டாம். முதலாம், இரண்டாம், மூன்றாம் இடமென நடுவர் தீர்ப்புச் சொல்லட்டும். ஏனையோருக்குக் கொடுக்கும் அதே பரிசை அவர்களுக்கும் கொடுங்கள்.

முதலாண்டில் இருவரே வரலாம். இருவர் வந்தால் ஒருவர் வெல்வார், ஒருவர் தோற்பார். தோற்றவர், அடுத்த ஆண்டு வெல்ல வேண்டுமென்று மறுநாட் காலையே பயிற்சியைத் தொடங்குவாராயின், நமது சங்கம் பணி செய்தது என்று துணிந்து சொல்லலாம்.