உயிரணுவுக்குள் ஒரு விளக்கு



இருட்டறையில் தொலைத்த பொருளை விளக்கின்றித் தேட இயலாது. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவும் அத்தகைய இருட்டறையே. அதனுள் புரதங்கள் ஓயாது நடமாடுகின்றன. ஒன்று மற்றொன்றைத் தொட்டுச் செய்தி சொல்கின்றது. ஆனால் அவை பெரும்பாலும் நிறமற்றவை. நுண்ணோக்கிக்கும் தனித்துப் புலப்படாதவை. அதனால் அறிவியலார் நெடுங்காலம் என் செய்தனர்? உயிரணுவைக் கொன்று, சாயமேற்றிப் பார்த்தனர். இறந்தவன் முகத்தைப் பார்த்து அவன் நடையை அறிய முடியுமா?

உயிரோடு காண வேண்டி ஒளிர்சாயங்கள் வந்தன. ஒருநிற ஒளியை உண்டு மற்றொரு நிற ஒளியை உமிழ்வது அவற்றின் இயல்பு. 1962-இல், சப்பானில் பிறந்த அறிஞர் ஒசாமு சிமோமுரா இழுதுமீனிலிருந்து பச்சை ஒளிர்புரதத்தைப் பிரித்தெடுத்தார். பின்னாளில் அதுவும் உயிரணுவுக்குள் விளக்காயிற்று. ஆயினும் சாயமோ புரதமோ, ஒளி படப்பட வெளிறிப் போகும். காட்சி முடியுமுன் விளக்கு அணைந்துவிடும்.

இக்குறையைத் தீர்க்க வந்தவையே ஒளிரும் மீநுண் துகள்கள். உலகம் குவாண்டம் புள்ளி என அழைப்பதை நாம் துளிமப் புள்ளி என்போம். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இப்புள்ளிகளின் குறுக்களவு ஏறத்தாழ 2 முதல் 10 நானோமீட்டர். அவ்வளவு சிறிய கூட்டுக்குள் மின்னணு அடைபடும்போது புதுமை விளைகின்றது. யாழில் நரம்பு குறுகக் குறுக ஒலி உயர்வதுபோல், புள்ளி சிறுக்கச் சிறுக்க ஒளியின் ஆற்றல் உயர்கின்றது. பெரியது சிவப்பாகவும் சிறியது நீலமாகவும் ஒளிரும். பொருள் ஒன்றே, அளவே நிறமாகின்றது!

சோவியத்து ஒன்றியத்தின் அலெக்சி எக்கிமோவ் 1981-இல் நிறக் கண்ணாடியிலும், அமெரிக்காவின் இலூயி புரூசு 1983-இல் நீர்மத்தில் மிதந்த துகள்களிலும் இதனைக் கண்டறிந்தனர். ஒரே அளவான புள்ளிகளைச் செவ்வனே ஆக்கும் முறையை மவுங்கி பவெண்டி குழுவினர் 1993-இல் வகுத்தனர். இம்மூவர்க்கும் 2023-இல் வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

1998-இல் அமெரிக்கக் குழுக்கள் இரண்டு, இப்புள்ளிகளை உயிரணுக்களில் அடையாளமாக்கலாம் எனத் தனித்தனியே காட்டின. 2002-இல் கொழுப்புப் போர்வை போர்த்திய புள்ளிகளைத் தவளைக் கருவுக்குள் செலுத்தினர். கரு வளர்ந்து தலைப்பிரட்டை ஆகும்வரை ஒளியைத் தொடர முடிந்தது. 2003-இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர், உயிருள்ள நரம்பணுவின் மேல் ஒற்றை ஏற்பிப் புரதம் ஊர்ந்து செல்வதைப் பல மணித்துளிகள் பின்தொடர்ந்தனர்.

பெருமக்களே, புகழ்ச்சியோடு நின்றுவிடுவது அறிவுடைமை ஆகாது. இப்புள்ளிகள் பலவற்றின் உட்கருவில் காட்மியம் உள்ளது, அது நஞ்சு. துத்தநாகச் சேர்மத்தால் மேலோடு இட்டாலும், அவ்வோடு சிதைந்தால் நஞ்சு கசியும். போர்வையோடு சேர்ந்த புள்ளி, தான் பற்றிய புரதத்தினும் பெரிதாகிவிடுவதும் உண்டு. எறும்பின் முதுகில் பாறையை ஏற்றிவிட்டு, எறும்பின் நடை இதுவே என்று எழுதலாமா? மேலும், உயிரணு இத்துகளை விழுங்கிப் பைக்குள் பூட்டிவிடுவதும், ஒளி விட்டுவிட்டு மினுக்குவதும் ஆய்வாளர்க்கு இடர்ப்பாடுகளே.

ஆகவே மாற்று வழிகளும் தேடப்பெற்றன. 2004-இல் கரிப்புகையின் எச்சத்தை ஆய்ந்தவர்கள் ஒளிரும் கரிப்புள்ளிகளைக் கண்டனர். வயிரத்துகளுக்குள் ஒரு நைட்ரசன் அணுவும் அதனருகே ஒரு வெற்றிடமும் அமைந்தால் அது சிவப்பாய் ஒளிரும்; எளிதில் வெளிறாது, நஞ்சும் மிகக் குறைவு. அடுப்புக் கரியும் அரசர் முடியின் வயிரமும் ஓரினமே என்பதை நாம் அறிவோம். அவ்வினமே இன்று உயிரணுவுக்கு விளக்கேற்றுகின்றது.

விளக்கு வீட்டைக் காட்ட வேண்டும், வீட்டைக் கொளுத்தலாகாது. உயிரைக் கொல்லாமல் உயிரைக் காண்பதே இவ்வாய்வின் அறம். புற்றணு எவ்வாறு பரவுகின்றது, மருந்து எங்குச் சென்று சேர்கின்றது என்பவற்றை அத்தகைய விளக்கொளியில்தான் பிழையறக் காண இயலும்.

இறுதியாக ஒன்று. உயிரணு, மின்னணு, ஏற்பி, துளிமப் புள்ளி என்று இவ்வளவும் தமிழிலேயே பேசினேன். உங்களுள் எவரும் முகஞ்சுளிக்கவில்லை. நம் பிள்ளைகளும் இவற்றை உருப்போடாமல் உணர்ந்து கற்கட்டும். உணர்ந்து கற்றவரே நாளை நஞ்சில்லா விளக்கை ஆக்குவர்.