துபையாவின் கடல்



பசிபிக் தீவுகளை கேப்டன் குக் கண்டுபிடித்தார் என்று பள்ளியில் படித்தோம். அங்கே ஏற்கெனவே மக்கள் வாழ்ந்தார்களே, பிறகு அவர் எதைக் கண்டுபிடித்தார் என்று நாம் கேட்கவில்லை. இன்று கேட்போம்.

1768இல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட எண்டெவர், முதலில் நிலக்கரி ஏற்றுவதற்காகக் கட்டப்பட்ட கப்பல். 1769 ஜூலையில் தஹிட்டியில் அதில் ஏறினார் துபையா. ரையாத்தேயா தீவுக்காரர், பூசகர், கடலோடி. விண்மீனையும் அலையையும் காற்றையும் பார்த்து வழி அறிந்தவர். அவர் அறிவிலிருந்து 70க்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட வரைபடம் ஒன்று உருவானது.

அக்டோபரில் கப்பல் நியூசிலாந்தை அடைந்தது. முதல் சில நாட்களிலேயே மாவோரிகள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். துபையாவின் மொழி மாவோரிகளுக்குப் புரிந்தது. அதன்பின் பேச்சுவார்த்தைகள் அவர் வழியாகவே நடந்தன.

1770 டிசம்பரில், இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டாவியாவில், துபையா நோயுற்று இறந்தார். 1773இல் குக் மீண்டும் நியூசிலாந்து போனபோது, மாவோரிகள் துபையா எங்கே என்றுதான் விசாரித்தார்கள். ஆனால் அங்குள்ள நீரிணைக்கு இன்றும் குக்கின் பெயர்தான்.

அறிவு ஒருவருடையது, பெயர் இன்னொருவருக்கு. இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. சேரிகளின் உழைப்பையும் அறிவையும் எடுத்துக்கொண்டு பெயரை மட்டும் விட்டுவிட்ட வரலாற்றைத்தானே நாமும் படித்தோம்? யாரை நினைவில் வைக்கிறோம் என்பதும் அரசியல்தான். ஆகவே இந்த நினைவு மேடையில் துபையாவின் பெயரைச் சொல்கிறோம். 'கண்டுபிடித்தார்' என்று இனி எங்கே வாசித்தாலும், வழி சொன்னவர் யார் என்று கேளுங்கள்.